பல்வலிக்கு மருந்து தவளையா?

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பது பழமொழி. இதைச் சொல்லிவைத்த பெரியவருக்குப் பல்வலி வந்ததில்லை போலும்! வந்திருந்தால் அதையும் சேர்த்தே சொல்லியிருப்பார். ஒரு சிறு பல். அதில் கடுகளவு ஓட்டை. ஆனால் அது தரும் வேதனையில் பசி போய்விடுகிறது, படிப்பு போய்விடுகிறது, இரவு வந்தால் உறக்கமும் போய்விடுகிறது. அரசனுக்கும் ஆண்டிக்கும் அந்த வலி ஒன்றேதான். ஆகவே உலகத்தில் எந்த நாட்டு மக்களை எடுத்துக்கொண்டாலும், பல்வலிக்கென்று ஒரு கைவைத்தியமாவது வைத்திருக்கிறார்கள்.

இக்கட்டுரையில் அயர்லாந்து நாட்டுக் கிராம மக்கள் பல்வலிக்குச் செய்துவந்த வைத்தியங்களைப் பார்க்கப் போகிறோம். எத்தனையோ நாடுகள் இருக்க அயர்லாந்து எதற்கு என்று தோழியர் சிலர் கேட்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கன்னியர் மடப் பள்ளிகளில் படிக்கும் நமக்கு அந்த நாடு முற்றிலும் அந்நியமானதன்று. 1775-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கார்க் நகரில் நேனோ நேகிள் அம்மையார் தொடங்கியது பிரசன்டேஷன் சபை. அச்சபைக் கன்னியர் சிலர் 1842-இல் கடல் கடந்து சென்னைக்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கினார்கள். அப்படி வந்தவர்கள் விட்டுவந்த வீடுகளும் கிராமங்களும் எப்படி இருந்திருக்கும் என்று அறிய நமக்கு ஆசை உண்டாவது இயல்பே. இரண்டாவது காரணம் இதைவிடச் சுவையானது. அந்த நாட்டு வைத்தியங்களைத் திரட்டி எழுதியவர்களுள் மிகப் பலர் டாக்டர்களோ பேராசிரியர்களோ அல்லர். நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள்!

பிள்ளைகள் எழுதிய களஞ்சியம்

1935-ஆம் ஆண்டில் அயர்லாந்து அரசாங்கம் நாட்டுப்புற வழக்காறுகளைத் திரட்டுவதற்காக ஓர் ஆணையத்தை ஏற்படுத்தியது. ஷேமஸ் ஓ டிலர்கா என்பவர் அதன் இயக்குநர். பாட்டிமாரும் தாத்தாமாரும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களோடு அவர்கள் அறிந்த கதைகளும் மருந்துகளும் மறைந்துவிடும் என்ற கவலை ஆணையத்தாருக்கு இருந்தது. ஆனால் நாடு முழுவதும் வீடு வீடாகப் போவதற்கு ஆள் எங்கே? அப்போதுதான் அவர்களுக்கு அருமையான ஒரு வழி தோன்றியது. பள்ளிப் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்களே!

1937, 1938 ஆண்டுகளில் கல்வித் துறையும் ஆசிரியர் சங்கமும் ஒத்துழைக்க, நாட்டின் 26 மாவட்டங்களிலும் தொடக்கப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. 11 வயது முதல் 14 வயது வரை உள்ள சிறுவர் சிறுமியர் அவர்கள். அவர்களுக்கு வழக்கமான கட்டுரைப் பயிற்சிக்குப் பதிலாக இந்த வேலை கொடுக்கப்பட்டது. கட்டுரைப் பாடம் என்றால் முகம் சுளிக்கும் தோழியர் இதைக் கேட்டுப் பொறாமைப்படுவார்கள் என்பதில் ஐயமில்லை! ஷான் ஓ சூலவான் என்பவர் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு சிறு கையேடு எழுதிக் கொடுத்தார். ஊர்ப் பெயர், விளையாட்டு, வானிலைக் குறிப்பு, புனிதர் கதை, விடுகதை என்று நீண்ட பட்டியல் அது. அவற்றுள் ஒன்று, ‘உள்ளூர் வைத்தியம்’.

பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போய், அடுப்பருகே அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, மறுநாள் பள்ளியில் வந்து நோட்டில் எழுதினார்கள். சுமார் 5,000 பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 50,000 பிள்ளைகள் எழுதியது மொத்தம் 7,40,000 பக்கங்கள் அளவுக்கு வந்தது. அந்த நோட்டுகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் காக்கப்படுகின்றன. இணையத்திலும் எவரும் படிக்கலாம். ஆணையம் திரட்டிய தொகுப்பை 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. அப்போது எழுதிய பிள்ளைகளில் எவரேனும் இன்று உயிரோடிருந்தால் அவருக்கு வயது நூறை ஒட்டியிருக்கும்.

பல்வலி பெருகியது எப்படி?

அயர்லாந்து ஏழைகளின் உணவு ஒரு காலத்தில் உருளைக்கிழங்கும் மோரும்தான். 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் விழுந்தது. தொடர்ந்து வந்த கொடும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் மக்கள் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறி வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். பஞ்சத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கடைச் சாமான்கள் கிராமத்துக்குள் நுழைந்தன. தேநீர் வந்தது, அதனோடு சர்க்கரை வந்தது, வெள்ளை ரொட்டி வந்தது. பல் சொத்தைக்கு இவற்றைவிட நல்ல நண்பர்கள் வேறு யார்?

வலி பெருகியதே தவிர மருத்துவம் பெருகவில்லை. 1851-இல் வந்த ஒரு சட்டப்படி ஏழைகளுக்கென வட்டாரந்தோறும் இலவச மருந்தகங்கள் ஏற்பட்டன. ஆனால் ஒரு மருத்துவர் பல ஊர்களைப் பார்க்க வேண்டும். பல் மருத்துவர்களோ பெரும்பாலும் நகரங்களில் இருந்தார்கள். 1878-க்கு முன் பல் மருத்துவர் என்று பலகை மாட்டிக்கொள்ளப் பதிவுகூடத் தேவைப்படவில்லை. அந்த ஆண்டின் சட்டம்தான் அதை ஒழுங்குபடுத்தியது. மலைச்சரிவிலோ கடலோரத்திலோ குடிசை போட்டு வாழும் ஒரு குடியானவன், வண்டிக்கூலி கொடுத்து நகரத்துக்குப் போய், அங்கே கட்டணமும் கொடுப்பதென்றால் நடக்கிற காரியமா? நடு இரவில் பிள்ளை வலியால் அழும்போது தாய் என்ன செய்வாள்? கைக்கு எட்டியதைச் செய்வாள். பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதைச் செய்வாள். அதுவும் பலிக்காவிட்டால் கடவுளை வேண்டிக்கொள்வாள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இனி அந்த வைத்தியங்களைப் பார்ப்போம்.

அடுப்பங்கரை மருந்துகள்

முதலில் வீட்டில் உள்ள பொருள்கள். உப்பைக் கரைத்து வாய் கொப்பளிப்பார்கள். ரொட்டி சுடப் பயன்படும் சோடா உப்பைச் சொத்தையில் அடைப்பார்கள். உப்பை வாணலியில் வறுத்துக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுக் கட்டி, கன்னத்தில் ஒத்தடம் கொடுப்பார்கள். நம் பாட்டிமார் துணியில் உப்பு முடிந்து ஒத்தடம் கொடுப்பதும் இதே முறைதான். எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தாலும் பாட்டிமார் எல்லாரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலும்!

அடுத்தது கிராம்பு. வலிக்கும் பல்லில் ஒரு கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்வது அங்கேயும் வழக்கம். கிராம்பு அயர்லாந்தில் விளைவதில்லை. கிழக்கே மொலுக்காஸ் தீவுகளில் பிறந்த இந்த மொட்டு, வியாபாரிகளின் கப்பல்களில் ஏறி இந்தியாவுக்கும் வந்தது, ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் இருக்கும் அயர்லாந்துக்கும் போனது. இரு நாட்டிலும் பல்வலிக்காரர்கள் அதை ஒரே விதமாகப் பயன்படுத்தினார்கள்.

வயலோரத்தில் தானே வளரும் செடிகளும் மருந்தாயின. அவற்றுள் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ‘யாரோ’ என்று பெயர். யாரோ ஒருவர் என்று எண்ணிவிட வேண்டாம். இறகு போன்ற மெல்லிய இலையும் வெண்ணிறப் பூங்கொத்தும் உடைய ஒரு பூண்டு அது. அதன் இலையை மென்று பல்லின்மேல் ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள்.

ஆண்பிள்ளைகள் கையாண்ட மருந்து புகையிலை. ஒரு துண்டைப் பல்லிடுக்கில் வைப்பார்கள். அல்லது சுங்கானை இழுத்துப் புகையை வாயில் நிறுத்திக்கொள்வார்கள். விஸ்கியையோ, அரசாங்கத்துக்குத் தெரியாமல் வீட்டில் காய்ச்சிய ‘போச்சீன்’ என்னும் சாராயத்தையோ வாயில் வைத்திருந்து துப்புவதும் உண்டு. துப்பியவர் எத்தனை பேர், விழுங்கியவர் எத்தனை பேர் என்பது அவரவர் மனச்சாட்சிக்கே வெளிச்சம்!

தவளை வைத்தியம்

இப்போது தலைப்புக்கு வருகிறோம். பல்வலிக்கு ஓர் உயிருள்ள தவளையைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது கன்னத்தில் தேய்க்க வேண்டும் என்று அந்நாட்டுப் பிள்ளைகள் பலர் தங்கள் நோட்டில் எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போதே நமக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் சற்று யோசித்தால் இதிலும் ஒரு காரணம் தென்படுகிறது. தவளையின் தோல் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். பனிக்கட்டி கிடைக்காத ஊரில், கொதிக்கும் கன்னத்துக்கு அது ஒரு குளிர் ஒத்தடம். அத்துடன், வாயில் தவளை இருக்கும்போது பல்வலியை நினைக்க யாருக்குத் தோன்றும்? மனம் வேறொன்றில் பதியும்போது வலி குறைந்ததாகத் தோன்றுவது நாம் அறிந்ததே.

எனினும் இதை யாரும் செய்து பார்க்கக் கூடாது. தவளைத் தோலில் சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் இருக்கலாம் என்பதை இன்று அறிவோம். தவளைக்கும் அது துன்பமே அன்றோ?

கொல்லன் பட்டறையில்

மருந்தெல்லாம் தோற்றுப்போனால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. யார் பிடுங்குவது? இறுக்கிப் பிடிக்கும் குறடு யாரிடம் இருக்கிறதோ அவர்தான்! ஊர்க் கொல்லனே பல கிராமங்களில் பல் பிடுங்குபவனாகவும் இருந்தான்.

குறடு இல்லாமலே பல்லைப் பிடுங்கும் ஒரு தந்திரத்தையும் பற்றிப் பலர் சொல்லியிருக்கிறார்கள். பல்லில் ஒரு வலுவான நூலைக் கட்டி, மறு முனையைப் பட்டறைக் கல்லில் கட்டுவான் கொல்லன். பிறகு உலையிலிருந்து செக்கச் சிவந்த இரும்பை எடுத்துத் திடீரென்று நோயாளியின் முகத்தருகே நீட்டுவான். நோயாளி அலறிப் பின்னுக்குத் தாவுவான். பல் நூலோடு தொங்கும்! நூலைக் கதவில் கட்டிக் கதவை அறைந்து சாத்துவதும் உண்டு.

இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் மயக்க மருந்து இல்லாமல் பல்லைப் பிடுங்குவது எத்தகைய வேதனை! ஈதர் என்னும் மயக்க மருந்தை அமெரிக்காவில் பல் மருத்துவர் மார்ட்டன் 1846-இல் பலரறியச் செய்துகாட்டினார். அந்த நன்மை ஏழையின் குடிசையை எட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. வேர் முறிந்து தாடையில் தங்கினாலோ இரத்தம் நிற்காமல் போனாலோ கொல்லனால் ஒன்றும் செய்ய முடியாது.

செபமும் மந்திரமும்

அக்காலத்து அயர்லாந்துக் கிராம மக்களுள் பெரும்பாலோர் ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவர்களாக இருந்தார்கள். எனவே அவர்களுடைய வைத்தியத்தில் செபம் கலந்திருப்பதில் வியப்பில்லை. பல்வலிக்கென்று அங்கே ஒரு சிறு மந்திரம் வழங்கியது. ஐரிஷ் மொழியில் இத்தகைய மந்திரத்தை ‘ஓர்ஹா’ என்பார்கள்; செபம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. அதன் பொருள் இதுதான்: புனித இராயப்பர் ஒரு பளிங்குக் கல்லின்மேல் பல்வலியோடு அமர்ந்திருக்கிறார், ஆண்டவர் இயேசு அவ்வழியே வந்து என்ன வருத்தம் என்று கேட்டு அவரைக் குணமாக்குகிறார், இந்த வார்த்தைகளைத் தம்மிடம் வைத்திருப்பவர்களுக்கும் பல்வலி வராது என்கிறார். இதைத் தாளில் எழுதி, நாம் உத்தரியம் அணிவதுபோல் உடையில் தைத்துக்கொள்வார்கள். நற்செய்தி நூல்களில் இப்படி ஒரு நிகழ்ச்சி இல்லை என்பது மறைக்கல்வி படித்த நமக்குத் தெரியும். ஆனால் இராயப்பருடைய மாமியாரின் காய்ச்சலைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவர், இராயப்பருடைய பல்வலியையும் போக்கியிருப்பார் என்று அந்த எளிய மக்கள் நம்பியதில் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது.

இந்த மந்திரத்தைச் சொல்லத் தெரிந்தவர்களை ‘குணம் உடையவர்’ என்று ஊரார் மதித்தார்கள். நாம் ‘கைராசிக்காரர்’ என்று சொல்வதைப் போன்றது இது. அவர்கள் காசு வாங்க மாட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொல்வதும் கூடாது என்பது பல இடங்களில் வழக்கம். குணம் தருபவர் கடவுள், மனிதன் அல்லன் என்னும் கருத்து இதில் அடங்கியிருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது.

1887-இல் வைல்ட் சீமாட்டியார் அயர்லாந்து நாட்டுப்புற நம்பிக்கைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தாயார். அவருடைய கணவர் டப்ளினில் கண், காது மருத்துவர். அந்நூலில் பல்வலிக்குச் சில வழிகள் காணப்படுகின்றன. ஹாடக் என்னும் மீனின் இரு தாடை எலும்புகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஆண்டவர் அப்பத்தையும் மீனையும் பலுகச் செய்த நாள்முதல் அந்த எலும்புக்குச் சக்தி உண்டாம். ஹாடக் வட அட்லாண்டிக் பெருங்கடலின் மீன். கலிலேயாக் கடல் என்பதோ நன்னீர் ஏரி. அந்த மீன் அங்கே எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை! மற்றொரு வழி கல்லறைத் தோட்டத்துக்குப் போவது. ஏதாவது ஒரு கல்லறையின்மேல் முழந்தாளிட்டு, அங்கே அடக்கம் செய்யப்பட்டவரின் ஆன்மாவுக்காக மூன்று பரலோக மந்திரமும் மூன்று அருள் நிறைந்த மந்திரமும் சொல்லி, அங்குள்ள புல்லை ஒரு பிடி பறித்து மென்று, விழுங்காமல் துப்பிவிட வேண்டும். பல்வலிக்காரர் குணமானாரோ இல்லையோ, யாரும் நினையாத ஓர் ஆன்மாவுக்கு ஆறு செபங்கள் கிடைத்தன.

புனித ஊற்றுகளுக்குப் போவதும் உண்டு. கண் நோய்க்கு ஓர் ஊற்று, பல்வலிக்கு ஓர் ஊற்று என்று வட்டாரந்தோறும் இருந்தன. மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டு வலமாகச் சுற்றி வந்து, தண்ணீரை அருந்தி, காசோ குண்டூசியோ காணிக்கையாகப் போட்டு, பக்கத்து மரத்தில் துணிக்கிழிசலைக் கட்டிவிட்டு வருவார்கள். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் பல்வலிக்காரர்கள் வேண்டிக்கொள்வது புனித அப்போலோனியாவை. 249-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியா நகரில் பற்கள் உடைக்கப்பட்டு வேதசாட்சியாக உயிர்துறந்தவர் அவர். பெப்ருவரி 9 அவர் திருநாள்.

குருவானவரின் கல்லறை மண்

எல்லாவற்றிலும் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது ஒரு பிடி மண். வட அயர்லாந்தில் ஃபெர்மனா மாவட்டத்தில் போ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே குருவாக இருந்த ஜேம்ஸ் மெக்கிர் அடிகளார் 1815-இல் இறந்தார். உயிரோடிருந்தபோது தம்மால் தீர்க்க முடிந்த நோய்களைத் தம் கல்லறை மண்ணும் தீர்க்கும் என்று அவர் சொல்லிச் சென்றதாக மக்கள் நம்பினார்கள். ஆகவே பல்வலி, தொண்டைப்புண் முதலியவற்றுக்கு அந்த மண்ணில் சிறிது எடுத்துத் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, பிறகு மறவாமல் அதைக் கல்லறைக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

படித்தவர்கள் பார்த்தால் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சிலர் ஒதுக்கவில்லை. அவ்வூர் மண்ணைச் சோதனைச்சாலைக்கு எடுத்துச் சென்று ஆராய்ந்தார்கள். 2018-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அந்த மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தைச் சேர்ந்த, அதுவரை அறியப்படாத ஒரு நுண்ணுயிர் வகை இருந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் என்று உலகம் அஞ்சும் முக்கியமான ஆறில் நான்கின் வளர்ச்சியை அது தடுத்தது. காசநோய்க்குக் கொடுக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே இனத்து நுண்ணுயிரிலிருந்துதான்.

இதிலிருந்து, தலையணைக்கடியில் மண்ணை வைத்தால் பல்வலி போகும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. துணிக்குள் முடிந்த மண் பல்லைத் தொடுவதுகூட இல்லையே! சோதனைச்சாலைக் கண்ணாடித் தட்டில் கிருமியைத் தடுப்பது வேறு. மனிதனுக்கு மருந்தாவது வேறு. இடையில் பல ஆண்டுச் சோதனைகள் உண்டு. ஆனால் முன்னோர் ஒன்றை மதித்துப் பாதுகாத்தார்கள் என்றால், அதைச் சிரித்துத் தள்ளுமுன் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்னும் பாடம் இதில் இருக்கிறது.

பலித்தது போல் தோன்றியது ஏன்?

தவளை, மீன் எலும்பு, கல்லறைப் புல் என்று இத்தனையும் ‘பலித்தது’ என்றே பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. பல்வலியின் இயல்பு தெரிந்தால் இந்தப் புதிர் விடுபடும்.

பல்லின் மேலே எனாமல் என்னும் கெட்டியான உறை, அதனடியில் டென்டைன், நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழ். பழைய காலத்தில் பல்லுக்குள் ஒரு புழு இருந்துகொண்டு அரிக்கிறது என்று உலகமே நம்பியது. பாபிலோனியாவின் களிமண் ஏடுகளிலேயே அந்தப் புழுவின் கதை இருக்கிறது. நாமும் இன்றுவரை ‘பூச்சிப்பல்’ என்றுதானே சொல்கிறோம்? கண்டங்கத்தரி விதைப் புகையைப் பிடித்தால் பூச்சி உதிரும் என்பார்கள் நம் ஊரிலும். 1728-இல் பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் புழுதான் காரணம் என்பதை ஏற்க மறுத்தார். 1890-இல் மில்லர் என்பவர் உண்மையான காரணத்தை விளக்கினார். வாயில் உள்ள நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. ஓட்டை பற்கூழை நெருங்கும்போது அது வீங்குகிறது. சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்குவதற்கு இடமில்லை. அழுத்தம் நரம்பைத் தாக்குகிறது. படுத்தால் தலைக்கு இரத்தம் அதிகம் பாய்வதால் இரவில் வலி கூடுகிறது.

இந்த வலி எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை, ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் வைத்தியத்தைத் தேடி ஓடுகிறான். உச்சத்துக்குப் பிறகு வருவது இறக்கம்தானே? கடைசியாக எதைச் செய்தானோ அதற்குப் புகழ் போய்ச் சேர்கிறது. இன்னொன்றும் உண்டு. சில நாள்களில் பல்லின் நரம்பு செத்தே போய்விடும். அப்போது வலி அடியோடு நின்றுவிடும். “குணமாகிவிட்டது!” என்று வீட்டார் மகிழ்வார்கள். ஆனால் கிருமிகள் ஓயவில்லை. வேர் நுனி வழியே தாடைக்குள் இறங்கிச் சீழ் கட்டும். அது முகத்திலும் கழுத்திலும் பரவினால் மூச்சே அடைபடலாம். இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கிருமிகொல்லி மருந்துகள் வருவதற்கு முன் அப்படி இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஆகவே தோழியரே, இக்கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைக்க வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பல்வலி தானே நின்றுவிட்டால் அது குணமாகிவிட்டது என்று பொருளன்று.

கொள்வதும் தள்ளுவதும்

அப்படியானால் பழைய வைத்தியம் எல்லாமே வீணா? அதுவும் இல்லை. கிராம்பில் யூஜினால் என்னும் எண்ணெய்ப்பொருள் உண்டு; அது நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகச் சொத்தையை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கிராம்பு எண்ணெயை அளவின்றி ஊற்றினால் ஈறு வெந்துபோகும். வெதுவெதுப்பான உப்பு நீரில் வாய் கொப்பளிப்பதை மருத்துவர்களும் சொல்கிறார்கள். கன்னம் வீங்கியிருக்கும்போது சூட்டு ஒத்தடம் கூடாது. புகையிலையும் சாராயமும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி என்பதை இன்று யாரும் அறிவர்; அவற்றை மருந்தென்று பிள்ளைகளுக்குக் கொடுப்பது பெரும் பிழை. உப்பும் கிராம்பும் ஓர் இரவைக் கடக்க உதவும் கைத்தடிகள். விடிந்ததும் போக வேண்டிய இடம் மருத்துவரிடமே.

அயர்லாந்தும் அந்த வழியில்தான் போயிற்று. 1960-இல் சட்டம் இயற்றி, 1964 முதல் டப்ளின் நகரில் குடிநீரில் சிறிதளவு ஃப்ளூரைடு கலக்கத் தொடங்கினார்கள். பிறகு நாட்டின் பிற பகுதிகளுக்கும் அது பரவியது. பற்சொத்தை குறைந்தது. இதிலும் அளவுதான் முக்கியம். நம் தர்மபுரிப் பகுதியில் நிலத்தடி நீரில் அதே ஃப்ளூரைடு இயற்கையிலேயே மிகுதியாக இருப்பதால் பிள்ளைகளின் பற்களில் கறை படிகிறது. மருந்தும் மிஞ்சினால் நஞ்சு.

அந்த நோட்டுகளை எழுதிய பிள்ளைகளை மறுபடியும் நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால், ஒரு பெரியவர் தவளையைத் தேடி ஓடியதும், ஒரு தாய் உப்பை வறுத்துக் காலுறையில் முடிந்ததும், குருவின் கல்லறை மண்ணை நான்கு பேர் மதித்துக் காத்ததும் யாருக்கும் தெரியாமல் மண்ணாய்ப் போயிருக்கும். அவர்கள் செய்ததெல்லாம் மாலையில் பத்து நிமிடம் பாட்டியின் அருகே உட்கார்ந்து கேட்டதுதான். நம் வீடுகளிலும் கண்டங்கத்தரியும் கருவேலம்பட்டையும் அறிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். வரும் கோடை விடுமுறையில் ஆளுக்கொரு நோட்டு எடுத்துக்கொள்வோம். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவோம். சரியா தவறா என்று பிறகு சோதித்துக்கொள்ளலாம். ஆனால் கேட்பதற்கு அவர்கள் இருக்கும் காலம் இதுதான்.